மாத்திரை போட்டும் சுகர் குறையலையா? மனச்சோர்வும் காரணமாக இருக்கலாம்... உடல்நோய்க்கும் மனசுக்கும் என்ன தொடர்பு?

"மாத்திரையெல்லாம் கரெக்டா போடுறேன் டாக்டர். இருந்தும் சுகர் குறைய மாட்டேங்குது."

சர்க்கரை நோய் கிளினிக்குகளில் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்க்கிறார். மூணு மாச சுகர் போன தடவையைவிட ஏறியிருக்கிறது. மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதுகிறார். "வாக்கிங் போங்க, சோத்தைக் குறைங்க" என்கிறார். அதற்குள் அடுத்த டோக்கன் உள்ளே வந்துவிடுகிறது.

இந்தச் சில நிமிடங்களில் பெரும்பாலும் கேட்கப்படாத கேள்வி ஒன்று இருக்கிறது. "மனசு எப்படி இருக்கு? முன்னாடி பிடிச்சதெல்லாம் இப்பவும் பிடிக்குதா?"

கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்கலாம். காலையில் எழுந்திருக்கவே பிடிக்கவில்லை, சமைக்கத் தோன்றவில்லை, வாக்கிங் போய் நாலு மாசம் ஆச்சு, ராத்திரி மாத்திரையைப் பல நாள் போடவே இல்லை. "போட்டு என்ன ஆகப்போகுது" என்று தோன்றுகிறது. இப்படிச் சொல்பவருக்கு மாத்திரையின் அளவை மட்டும் கூட்டினால் சுகர் குறையுமா?

நாள்பட்ட உடல்நோய்களும் மனச்சோர்வும் அடிக்கடி ஜோடியாகவே வருகின்றன. ஒன்று இன்னொன்றை மோசமாக்குகிறது. ஆனால் உடல்நோய்க்கு மட்டும் சிகிச்சை நடக்கிறது, மனச்சோர்வு கவனிக்கப்படாமலே போகிறது. இது ஏன்? எப்படிக் கண்டுபிடிப்பது? எங்கே போவது? சர்க்கரை நோயை உதாரணமாக வைத்து விரிவாகப் பார்க்கலாம்.

மன அழுத்தமும் மனச்சோர்வும் ஒன்றா?

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பேச்சிலும் செய்திகளிலும் 'மன அழுத்தம்' என்ற ஒரே சொல்லை இரண்டு வேறு விஷயங்களுக்குப் பயன்படுத்துகிறோம்.

ஆபீஸ் டென்ஷன், கடன் தொல்லை, பரீட்சை பயம் போன்ற நெருக்கடிகளால் வருவது 'ஸ்ட்ரெஸ்'. இதுதான் மன அழுத்தம். நெருக்கடி தீர்ந்தால் பெரும்பாலும் இதுவும் குறைந்துவிடும்.

'டிப்ரஷன்' என்பது மனச்சோர்வு. இது ஒரு நோய். குறைந்தது 2 வாரங்களாவது, கிட்டத்தட்ட தினமும், நாளின் பெரும்பகுதி மனம் கனத்துக் கிடக்கும். அல்லது எதிலுமே ஆர்வம் இல்லாமல் போகும். இந்த இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும். கூடவே தூக்கம், பசி, தெம்பு, கவனம் ஆகியவையும் பாதிக்கப்படும். 'நான் எதுக்கும் லாயக்கில்ல' என்ற எண்ணம் வரும். அன்றாட வேலை தடைப்படும்.

சோகம் எல்லோருக்கும் வரும். வீட்டில் ஒருவர் இறந்தால், வேலை போனால் அழுகை வருவது இயல்பு. அந்தச் சோகத்திலும் பேரப்பிள்ளை ஓடி வந்தால் முகம் மலரும். கடுமையான மனச்சோர்வில் அந்த மலர்ச்சியே நின்றுபோகும்.

இந்தியாவில் 2015-16ல் நடத்தப்பட்ட தேசிய மனநலக் கணக்கெடுப்பு, 20 பேரில் ஒருவருக்கு மனச்சோர்வு இருப்பதாகச் சொன்னது. சென்னையில் சுமார் 25,000 பேரிடம் நடத்தப்பட்டு 2009ல் வெளியான ஆய்வு ஒன்றில், 15.1 சதவீதம் பேருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் தெரிந்தன. இது கேள்வித்தாள் மூலம் எடுத்த கணக்கு என்பதால் எண்ணிக்கை சற்றுக் கூடுதலாக வரலாம். ஆனாலும் இது நம் தெருவிலும் இருக்கும் பிரச்னைதான் என்பது புரியும்.

சுகருக்கும் மனச்சோர்வுக்கும் என்ன தொடர்பு?

இந்தச் சந்தேகம் புதிதல்ல. 17ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் வில்லிஸ், நீண்ட காலத் துக்கத்தால் சர்க்கரை நோய் வரலாம் என்று எழுதினார். இன்சுலின் கண்டுபிடிக்கப்படுவதற்குச் சுமார் 250 ஆண்டுகளுக்கு முன்பே எழுதியது இது.

நவீன ஆய்வுகள் இதை எண்களில் பார்த்தன. அதுவரை வெளியான பல ஆய்வுகளைத் தொகுத்து 2001ல் ஓர் அலசல் வந்தது. சர்க்கரை நோய் இல்லாதவர்களோடு ஒப்பிட்டால், இருப்பவர்களுக்கு மனச்சோர்வு இருக்கும் வாய்ப்பு இரண்டு மடங்கு என்றது அது.

சரி, எது முதலில் வருகிறது? சுகர் வந்த கவலையில் மனச்சோர்வு வருகிறதா, மனச்சோர்வால் சுகர் வருகிறதா?

2008ல் வெளியான இன்னொரு தொகுப்பு ஆய்வு இதைத்தான் தேடியது. மனச்சோர்வு இருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் டைப் 2 சர்க்கரை நோய் வரும் ஆபத்து 60 சதவீதம் கூடுதலாக இருந்தது. சர்க்கரை நோய் இருந்தவர்களுக்குப் புதிதாக மனச்சோர்வு வரும் ஆபத்து சுமார் 15 சதவீதம் மட்டுமே கூடுதல். ஆக, பாதை இரண்டு பக்கமும் திறந்திருக்கிறது. 'சுகர் வந்துச்சு, அதனால கவலைப்படுறாரு' என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது.

இந்தியாவில் இதன் அளவு சாதாரணமானதல்ல. 2023ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி நாட்டில் 10.1 கோடி பேருக்கு சர்க்கரை நோய் இருக்கிறது. இவர்களில் ஒரு பங்கினருக்கு மனச்சோர்வும் இருந்தாலே எண்ணிக்கை கோடியில் போய் நிற்கும்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

மூன்று வழிகளை முக்கியமாகச் சொல்லலாம்.

முதலாவது, ஹார்மோன். நெருக்கடி வரும்போது சிறுநீரகத்தின் மேலே உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி 'கார்டிசோல்' என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. ஆபத்து நேரத்தில் ஓடவும் போராடவும் தெம்பு வேண்டும் என்பதற்காக இது ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றிவிடும். மனச்சோர்வு உள்ளவர்களில் பலருக்கு இந்த ஹார்மோனின் ஏற்ற இறக்கம் சீர்கெட்டிருக்கும். ஓட வேண்டிய ஆபத்து எதுவும் இல்லை. ஆனாலும் உடம்பு சர்க்கரையை ஏற்றிக்கொண்டே இருக்கலாம்.

இரண்டாவது, அழற்சி. காய்ச்சல் வந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். சாப்பிடப் பிடிக்காது, யாரோடும் பேசப் பிடிக்காது, போர்த்திக்கொண்டு படுத்துவிடத் தோன்றும். கிருமியோடு போராட உடம்பு வெளியிடும் ரசாயனங்கள் மூளைக்கும் சேதி அனுப்புவதால் வரும் நிலை அது. சர்க்கரை நோய், உடல்பருமன், மூட்டுவாதம் போன்றவற்றில் இந்த ரசாயனங்கள் குறைந்த அளவில் நீண்ட காலம் சுரந்துகொண்டே இருக்கும். இதற்கு ஒரு சான்றும் உண்டு. ஹெபடைடிஸ் சி நோய்க்கு முன்பு 'இன்டர்ஃபெரான்' ஊசி கொடுத்தார்கள். அதுவும் அழற்சியோடு தொடர்புடைய புரதம்தான். அதுவரை மனநலப் பிரச்னையே இல்லாத பலருக்கும் அந்த ஊசி போட்ட சில வாரங்களில் மனச்சோர்வு வந்தது.

மூன்றாவது, அன்றாடப் பழக்கம். இதுதான் கண்ணுக்கு நன்றாகத் தெரியும் வழி. சர்க்கரை நோய்க்கான வைத்தியத்தில் பெரும்பங்கை நோயாளியேதான் செய்துகொள்ள வேண்டும். நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்கு மாத்திரை, நடை, காலைக் கழுவிப் புண் இருக்கிறதா என்று பார்ப்பது, மாதாமாதம் ரத்தப் பரிசோதனை. இவை அனைத்துக்கும் நாளை பற்றிய நம்பிக்கை கொஞ்சமாவது வேண்டும். மனச்சோர்வு பறிப்பது அந்த நம்பிக்கையைத்தான். பல நோய்களைச் சேர்த்துப் பார்த்து 2000ல் வெளியான தொகுப்பு ஆய்வு ஒன்று, மனச்சோர்வு உள்ளவர்கள் டாக்டர் சொன்ன சிகிச்சையைப் பின்பற்றாமல் விடும் வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்று மடங்கு என்று கணக்கிட்டது.

"சொன்ன பேச்சே கேக்க மாட்டேங்கிறாரு", "திமிரு", "சோம்பேறித்தனம்" என்று வீட்டில் திட்டு விழுவதற்குப் பின்னால் சில நேரம் ஒரு நோய் இருக்கலாம்.

சுகர் மட்டும்தானா?

இல்லை. மற்ற சில நோய்களிலும் இந்தத் தொடர்பு உண்டு.

மாரடைப்பு: கனடாவின் மான்ட்ரியல் நகரில் மாரடைப்பு வந்த 222 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 1993ல் வெளியானது. மனச்சோர்வு இருந்தவர்கள் அடுத்த 6 மாதத்துக்குள் இறக்கும் ஆபத்து, மற்றவர்களைவிட நான்கு மடங்குக்கும் மேல் இருந்தது. இதயத்தின் பாதிப்பு அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் இந்த வித்தியாசம் நின்றது. அமெரிக்க இதயச் சங்கம் 2008ல், இதயநோயாளிகளிடம் மனச்சோர்வு இருக்கிறதா என்று பரிசோதிக்கும்படி பரிந்துரைத்தது.

பக்கவாதம்: பாதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. கை கால் வராத வருத்தம் ஒரு பக்கம். மூளையிலேயே ஏற்பட்ட சேதம் இன்னொரு பக்கம். இதைக் கவனிக்காவிட்டால் பிசியோதெரபிக்கு ஒத்துழைப்பு குறையும், தேறுவதும் தாமதமாகும்.

பார்க்கின்சன் நோய்: கை நடுக்கம் தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே சிலருக்கு மனச்சோர்வு வந்துவிடும்.

தைராய்டு: தைராய்டு குறைவாகச் சுரந்தால் அசதி, எடை கூடுவது, மந்தம், எதிலும் நாட்டமின்மை வரும். பார்ப்பதற்கு மனச்சோர்வு போலவே இருக்கும். ரத்தசோகை, வைட்டமின் பி12 குறைபாடு ஆகியவையும் இப்படி ஏமாற்றும். மனச்சோர்வு என்று போனால் டாக்டர் முதலில் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுப்பது இதனால்தான்.

மருந்துகள்: நீண்ட நாள் ஸ்டீராய்டு, வலிப்புக்கான சில மாத்திரைகள் போன்றவை மனநிலையைப் பாதிக்கலாம். புது மாத்திரை தொடங்கிய பிறகு மனசு மாறினால் டாக்டரிடம் சொல்லுங்கள். நீங்களாகவே மாத்திரையை நிறுத்தக் கூடாது. ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

ஏன் கண்ணில் படாமல் போகிறது?

முதல் காரணம், அறிகுறிகள் ஒன்றோடொன்று கலந்து கிடப்பது. சுகர் ஏறினாலும் அசதி வரும், மனச்சோர்விலும் அசதி வரும். ராத்திரி நாலு தடவை சிறுநீர் கழிக்க எழுந்தாலும் தூக்கம் கெடும், மனச்சோர்விலும் அதிகாலை மூணு மணிக்கே விழிப்பு வந்துவிடும். எடை குறைவதும் இரண்டிலும் நடக்கும். அதனால் எல்லாவற்றையும் சுகரின் கணக்கிலேயே எழுதிவிடுகிறோம்.

இரண்டாவது, நாம் பேசும் விதம். "எனக்கு மனசு சரியில்ல" என்று டாக்டரிடம் சொல்பவர்கள் குறைவு. "உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு", "தலை பாரமா இருக்கு", "நெஞ்சு படபடங்குது", "வயிறு எரியுது" என்றுதான் சொல்வார்கள். வலி உண்மையானது. ஆனால் ஸ்கேனிலும் ஈசிஜியிலும் ஒன்றும் தெரியாது. "உங்களுக்கு ஒண்ணும் இல்ல" என்று அனுப்பிவிடுவார்கள். வீட்டிலும் "சும்மா சொல்றாங்க" என்ற பெயர் கிடைக்கும்.

மூன்றாவது காரணம், நல்ல எண்ணத்தோடு சொல்லப்படும் ஒரு வாக்கியம். "இவ்வளவு பெரிய நோய் வந்தா கவலை இருக்கத்தானே செய்யும்?"

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த வாக்கியம்தான் பலருக்குச் சிகிச்சையைத் தடுக்கிறது. கீழே விழுந்து கால் உடைந்தவரிடம், "விழுந்தா உடையத்தானே செய்யும்" என்று சொல்லி மாவுக்கட்டு போடாமல் விடுவதில்லை. காரணம் தெரிந்தாலும் வைத்தியம் தேவை. மனச்சோர்வுக்கும் அப்படித்தான்.

இங்கே ஒரு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். சர்க்கரை நோயோடு வாழ்வதே அலுத்துப்போவது உண்டு. கல்யாண வீட்டில் இலையைப் பார்த்து ஏங்குவது, ஊசி குத்திக் குத்திச் சலிப்பது, ரிப்போர்ட் வரும் நாளில் பயப்படுவது போன்றவை 'நோய் சார்ந்த மனவேதனை'. சுகர் பேச்சை விட்டால் இவர்கள் கலகலப்பாக இருப்பார்கள். இதற்கு மாத்திரை தேவைப்படாது. சிகிச்சையை எளிதாக்குவதும் ஆறுதலான பேச்சும் உதவும். மனச்சோர்வு வாழ்க்கையின் எல்லாப் பக்கத்தையும் மூடிவிடும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

இதற்கு ஸ்கேன் கிடையாது. ரத்தப் பரிசோதனையும் கிடையாது. கேள்விகள்தான். உலகம் முழுக்கப் பயன்படும் 'பி.எச்.க்யூ-9' என்ற கேள்வித்தாளில் ஒன்பது கேள்விகள் இருக்கின்றன. கடந்த 2 வாரங்களில் இவை எத்தனை நாள் இருந்தன என்று கேட்கும்:

- எதிலும் ஆர்வமோ சந்தோஷமோ இல்லாமல் போனதா?
- மனம் தளர்ந்து, நம்பிக்கையற்று இருந்ததா?
- தூக்கம் வராமல் அல்லது அளவுக்கு மீறித் தூங்கினீர்களா?
- அசதி, தெம்பில்லாத உணர்வு இருந்ததா?
- பசி குறைந்ததா, அல்லது அதிகமாகச் சாப்பிட்டீர்களா?
- உங்கள் மீதே வெறுப்பு, குற்ற உணர்ச்சி வந்ததா?
- டிவி பார்ப்பது, பேப்பர் படிப்பது போன்றவற்றில் கூட மனம் நிலைக்கவில்லையா?
- மற்றவர்கள் கவனிக்கும் அளவுக்கு மந்தமாகவோ, இருப்புக் கொள்ளாமலோ இருந்தீர்களா?
- இறந்துபோனால் நல்லது என்ற எண்ணமோ, தன்னைத் துன்புறுத்திக்கொள்ளும் எண்ணமோ வந்ததா?

ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 27. பொதுவாக 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரை அவசியம் பார்க்க வேண்டும். இந்த எண் ஒரு சுட்டிக்காட்டல் மட்டுமே. நோய் இருக்கிறதா என்பதை நேரில் பேசித்தான் டாக்டர் முடிவு செய்வார். கடைசிக் கேள்விக்கு 'ஆமாம்' என்றால் மொத்த மதிப்பெண்ணைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். உடனே உதவி தேவை.

நாள்பட்ட நோய் உள்ளவர்கள் முதல் இரண்டு கேள்விகளை நன்றாகக் கவனிக்க வேண்டும். அசதிக்கும் பசியின்மைக்கும் சுகர் காரணமாக இருக்கலாம். ஆனால் 'பிடித்தது எதுவும் பிடிக்கவில்லை', 'இனி எதுவும் சரியாகாது' என்பதற்குச் சுகரை மட்டும் காரணம் சொல்ல முடியாது.

சிகிச்சை பலன் தருமா? இந்தியாவில் நடந்த ஆய்வு

தரும் என்பதற்கு நம் ஊரிலேயே சான்று இருக்கிறது.

சென்னை, பெங்களூரு, விசாகப்பட்டினம், டெல்லி ஆகிய நகரங்களில் உள்ள நான்கு சர்க்கரை நோய் கிளினிக்குகளில் ஓர் ஆய்வு நடந்தது. கட்டுக்குள் வராத சர்க்கரை நோயோடு மனச்சோர்வும் இருந்த 404 பேர் இதில் சேர்ந்தார்கள். ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு பாதிப் பேருக்கு ஒரு கூடுதல் ஏற்பாடு.

அந்த ஏற்பாடு மிக எளிமையானது. டாக்டர் அல்லாத, பயிற்சி பெற்ற ஒரு பணியாளர் நோயாளியோடு தொடர்ந்து பேசுவார். சாப்பாடு, நடை, மாத்திரை, மனநிலை எல்லாவற்றையும் விசாரிப்பார். விவரங்கள் கம்ப்யூட்டரில் பதிவாகும். மனநல மருத்துவரும் சர்க்கரை நோய் நிபுணரும் அந்தப் பதிவுகளைப் பார்த்து மருந்தை மாற்ற ஆலோசனை சொல்வார்கள். இப்படி 12 மாதம் நடந்தது.

2020ல் முடிவு வெளியானது. மனச்சோர்வு பாதியாகக் குறைந்து, கூடவே சுகர், ரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றில் ஒன்றாவது குறிப்பிட்ட அளவு குறைந்தவர்கள் எத்தனை பேர் என்று 24 மாத முடிவில் பார்த்தார்கள். கூடுதல் ஏற்பாடு கிடைத்தவர்களில் 71.6 சதவீதம். வழக்கமான சிகிச்சையில் 57.4 சதவீதம்.

மனசையும் உடம்பையும் ஒரே இடத்தில், ஒரே குழு பார்த்தால் இரண்டும் சேர்ந்து தேறுகின்றன என்பதே இதன் சேதி.

இதயநோயில் படம் இவ்வளவு தெளிவாக இல்லை. அமெரிக்காவில் 2,481 மாரடைப்பு நோயாளிகளிடம் நடந்து 2003ல் வெளியான பெரிய ஆய்வில், பேச்சு சிகிச்சையால் மனச்சோர்வு குறைந்தது. ஆனால் ஆயுள் கூடியதாகத் தெரியவில்லை. தென்கொரியாவில் 300 பேரிடம் நடந்து 2018ல் வெளியான ஆய்வில், மனச்சோர்வு மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு அடுத்த சுமார் 8 ஆண்டுகளில் மாரடைப்பு போன்ற பெரிய பாதிப்புகளும் உயிரிழப்புகளும் சேர்ந்த எண்ணிக்கை குறைவாக இருந்தது. ஆயுள் கூடுமா என்ற விவாதம் தொடர்கிறது. மனச்சோர்வு குறைந்து, இருக்கிற நாட்கள் நன்றாகக் கழியும் என்பதில் பெரிய விவாதம் இல்லை.

மனச்சோர்வு மாத்திரை பற்றிய பயங்கள்

"ஒருதரம் ஆரம்பிச்சா வாழ்நாள் முழுக்கப் போடணுமாமே?" அப்படி இல்லை. முதல் முறை வந்த மனச்சோர்வுக்கு, குணமான பிறகும் குறைந்தது 6 மாதம் தொடரச் சொல்வார்கள். பிறகு படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். திரும்பத் திரும்ப வருபவர்களுக்கு மட்டும் நீண்ட காலம் தேவைப்படலாம்.

"போதை மாத்திரை மாதிரி அடிமையாகிடுவோமா?" மனச்சோர்வுக்கான மாத்திரைகள் வேறு, தூக்க மாத்திரைகள் வேறு. தூக்க மாத்திரைகளில் சிலவற்றுக்குத்தான் அந்த ஆபத்து அதிகம். ஆனால் மனச்சோர்வு மாத்திரையையும் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், படபடப்பு வரும். அதனால் டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது.

"ரெண்டு நாள் போட்டேன், ஒண்ணும் கேக்கல." இந்த மாத்திரைகள் வேலை செய்யப் பொதுவாக 2 முதல் 4 வாரம் ஆகும். அதுவரை பொறுமை வேண்டும்.

சுகர் உள்ளவர்கள் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். என்னென்ன மாத்திரை, இன்சுலின் எத்தனை யூனிட் என்ற பட்டியலை மனநல டாக்டரிடம் காட்டுங்கள். மனச்சோர்வுக்கான சில மருந்துகள் எடையைக் கூட்டும். சில மருந்துகள் சுகரைக் குறைத்துவிடும், அப்போது லோ சுகர் வரலாம். அதற்கேற்ப மருந்தைத் தேர்வு செய்வார்கள்.

லேசான மனச்சோர்வுக்கு மாத்திரை இல்லாமலே பேச்சு சிகிச்சை போதுமானதாக இருக்கலாம். தினசரி நடை சுகருக்கும் மனசுக்கும் சேர்த்தே உதவும். ஆனால் கடுமையான மனச்சோர்வில் இருப்பவரிடம் "வாக்கிங் போனா சரியாயிடும்" என்று மட்டும் சொல்வது போதாது. அவரால் கட்டிலை விட்டு எழுந்திருப்பதே கஷ்டம்.

வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

- "தைரியமா இரு", "உனக்கு என்ன குறைச்சல்?" போன்ற பேச்சுகளைத் தவிருங்கள். "கொஞ்ச நாளா நீங்க பழைய மாதிரி இல்லையேப்பா, என்ன பண்ணுது?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருங்கள்.
- மாத்திரை டப்பாவை எண்ணிப் பாருங்கள். மிச்சம் இருந்தால் திட்ட வேண்டாம். ஏன் போடப் பிடிக்கவில்லை என்று கேளுங்கள்.
- அடுத்த தடவை சுகர் செக்கப்புக்குக் கூடப் போங்கள். நீங்கள் கவனித்த மாற்றங்களை நாலு வரியில் எழுதி டாக்டரிடம் கொடுங்கள். பேச நேரம் இல்லாவிட்டாலும் அவர் படிப்பார்.
- நோயாளியைப் பார்த்துக்கொள்பவருக்கும் மனச்சோர்வு வரும். பெரும்பாலான வீடுகளில் அது அம்மா, மனைவி அல்லது மகள். அவர்களிடமும் அதே கேள்வியைக் கேளுங்கள்.
- சாவைப் பற்றிப் பேசினால், 'நான் பாரமா இருக்கேன்' என்று சொன்னால் தனியாக விடாதீர்கள். நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. பேசுவதற்கு அது ஒரு வழியாக அமையும்.

தமிழ்நாட்டில் எங்கே போவது?

முதலில் உங்கள் சுகர் டாக்டரிடமே சொல்லுங்கள். தேவைப்பட்டால் அவரே அனுப்பி வைப்பார்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. மாவட்ட மனநலத் திட்டம் மூலமும் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சை கிடைக்கிறது. சென்னையில் 1794ல் தொடங்கப்பட்ட கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை இருக்கிறது. மனச்சோர்வுக்குப் பெரும்பாலானவர்கள் வெளிநோயாளியாகவே சிகிச்சை பெறலாம். 'கீழ்ப்பாக்கம்' என்றாலே கேலி செய்யும் பழைய பழக்கத்தால் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம்.

2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சுகர், பி.பி. மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. மாத்திரை கொண்டு வருபவரிடமும் மனநிலையைப் பற்றிச் சொல்லி, எங்கே போகலாம் என்று கேட்கலாம்.

செலவைப் பற்றிய கவலை இருந்தால் ஒரு தகவல். உடல்நோய்களுக்குக் காப்பீடு தரும் அதே அடிப்படையில் மனநோய் சிகிச்சைக்கும் தர வேண்டும் என்று மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 சொல்கிறது. உங்கள் பாலிசியில் என்ன இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

போனில் பேச: மத்திய அரசின் 'டெலி மானஸ்' இலவச எண் 14416. இது 2022 அக்டோபர் 10 முதல் 24 மணி நேரமும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். தமிழக அரசின் சுகாதார உதவி எண் 104. சென்னையில் 1986 முதல் இயங்கும் சிநேகா தற்கொலைத் தடுப்பு மையத்தின் எண் 044-24640050.

அடுத்த முறை செக்கப்புக்குப் போகும்போது...

ரிப்போர்ட், பழைய மருந்துச் சீட்டு, மாத்திரைப் பட்டியல் எல்லாம் பையில் எடுத்து வைப்பீர்கள். கூடவே ஒரு வரியையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். "டாக்டர், ரெண்டு வாரமா எதுலயும் இஷ்டமில்லாம இருக்கு. அதையும் கொஞ்சம் பாருங்க."

சொல்லி முடிக்கப் பத்து வினாடி ஆகாது. சுகர் ஏன் குறையவில்லை என்பதற்கான பதில் அதிலிருந்தே கிடைக்கலாம்.